டாப்னியா சிறுத்துப்போனால் நோய்தானா?

கேள்வி: கொளத்தூரில் மொட்டைமாடியில் நீல டிரம் வைத்து, மீனுக்குத் தீனியாகும் டாப்னியா என்ற குட்டித் தண்ணீர்ப்பூச்சியை வளர்க்கிறேன். தங்கமீன் தொட்டியில் தண்ணீர் மாற்றும்போது பழைய தண்ணீரை அதில் ஊற்றிவிடுவேன். ஒரு மாதமாகப் பூச்சிகள் சிறுத்துவிட்டன, பகலில் மேலே வருவதே இல்லை. மருந்து போடலாமா?

மருந்து வேண்டாம். டாப்னியா தின்னும் பாசி நன்றாகப் பிடிக்கும் என்றுதான் பலரும் மீன் தண்ணீரை ஊற்றுகிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் அந்தத் தண்ணீரோடு மீன் வாடையும் டிரம்முக்குள் போகிறது. காசிமேட்டில் படகு வந்து சேர்ந்ததை மூக்கே சொல்லிவிடும் அல்லவா, அதுபோலத்தான். மீனைப் பார்க்காமலே டாப்னியா உஷாராகிவிடும்.

தங்கமீன் கெண்டைக் குடும்பம். இந்தக் குடும்பத்து மீன்களின் பித்தநீரில் சைப்ரினால் சல்பேட் என்றொரு உப்பு இருக்கிறது. டாப்னியாவைப் பகலில் ஆழத்துக்கு விரட்டுவது அதுதான் என்று 2019இல் கண்டறிந்தார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்குகூட வேண்டாம், வேலையைக் காட்டிவிடும். கொழுப்பைச் செரிக்க மீனுக்கு அந்த உப்பு வேண்டும். அதனால் தன் வாடையை மறைக்கவும் அதற்கு வழியில்லை.

சரி, ஏன் சிறுக்கின்றன? மீன் கண்ணால் பார்த்துப் பிடிக்கும். பெரிய பூச்சிதான் முதலில் சிக்கும். அதனால் வாடை பட்ட டாப்னியா உடம்பை வளர்ப்பதை விட்டுவிட்டுச் சீக்கிரமே முட்டை சுமக்கத் தொடங்கும். கண்ணாடிப் புழு என்கிற கொசு போன்ற பூச்சியின் புழு வந்தால் கதையே வேறு. அது சின்னதைத்தான் பிடிக்கும். அதன் வாடைக்குச் சில டாப்னியா இனங்களின் குஞ்சுகள் பிடரியில் முள் வளர்த்துக்கொள்ளும்!

பசியாலும் சிறுக்கும் என்பதால் ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். உடம்பு சின்னது, முதுகுப் பையில் முட்டை நிறைய என்றால் மீன் வாடை. பை காலி, உடம்பும் வெளிறியிருந்தால் தீனி போதவில்லை.

குப்பி மீன் குஞ்சுகளுக்குப் போடத்தான் வளர்க்கிறீர்கள் என்றால் எதையும் மாற்றாதீர்கள், சின்ன டாப்னியாதான் அவற்றின் வாய்க்கு அளவு. பெரிதாக வேண்டுமென்றால் மீன் தண்ணீரைத் தனி வாளியில் காற்றுக்குழாய் போட்டு மூன்று, நான்கு நாள் வைத்துவிட்டு ஊற்றுங்கள். அதிலுள்ள நுண்ணுயிர்கள் வாடையைச் சிதைத்துவிடும். மெட்ரோ குழாய்த் தண்ணீரை அவசரப்பட்டு நேரே ஊற்றிவிடாதீர்கள், குளோரின் மொத்தத்தையும் கொன்றுவிடும். டிரம்மில் வாடை போகும்வரை வலையைப் பொழுது சாய்ந்த பிறகு போடுங்கள், இருட்டினால் தானாக மேலே வரும்.