ஆறு மணிக் காட்சியும் ஆறு சொல் தீர்ப்பும்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. படம் வெளியான அன்று மதியத்துக்குள் ‘மொக்கை’, ‘செம’, ‘ஒரு தடவை பார்க்கலாம்’ என்று ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். நூறு கோடி, இருநூறு கோடி போட்டு எடுத்த படத்தைச் சினிமா தெரியாதவர்கள் இப்படிக் கொல்லலாமா? முதல் மூன்று நாள் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சட்டம் வந்தால் என்ன? உங்கள் பத்திரிகையும் வாசகர்கள் எழுதும் ‘பார்த்தேன், சொல்கிறேன்’ பகுதியை நிறுத்தி ஒரு முன்மாதிரி காட்டலாமே?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், ஒயிட்ஃபீல்டு, பெங்களூரு

பதில்: சட்டம் வேண்டும் என்று உங்களுக்கு முன்பே சிலர் கோர்ட்டுப் படி ஏறிவிட்டார்கள் ஐயா. தியேட்டர் வளாகத்துக்குள் மைக்கோடு வரும் யூடியூப்காரர்களை விடாதீர்கள் என்று 2024 நவம்பரில் தமிழ்நாட்டுத் தயாரிப்பாளர்கள் சங்கம் ஒன்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு. நீங்கள் கேட்கிற அதே மூன்று நாள் தடைதான் கோரிக்கை. கருத்துச் சுதந்திரம் என்று ஒன்று இருக்கும்போது ஒட்டுமொத்தமாகத் தடை போட முடியாது என்று இடைக்காலத் தடை கொடுக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. கேரளத்தில், உயர் நீதிமன்றம் தனக்கு உதவியாக நியமித்த வழக்கறிஞர் 2024 மார்ச்சில், விமர்சனம் செய்பவர்கள் 48 மணி நேரம் பொறுக்கலாம் என்று யோசனை சொன்னார். அதுவும் ஆன்லைனில் விமர்சனம் செய்வதையே தொழிலாக வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்துச் சொன்னது. உங்கள் நாலாவது மாடி மாமியை யாரும் குறிவைக்கவில்லை.

காசு வாங்கிக்கொண்டு திட்டுபவர்கள் இருக்கிறார்கள் என்று தயாரிப்பாளர்கள் புலம்புவதில் உண்மை இருக்கலாம். காசு வாங்கிக்கொண்டு புகழ்பவர்களைப் பற்றி அவர்கள் வழக்குப் போட்டதாகத்தான் காணோம்.

‘சினிமா தெரியாதவர்கள்’ என்கிறீர்கள். பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு பேர் ஒரு மல்டிபிளெக்ஸுக்குப் போய், பாப்கார்னும் வாங்கி, பார்க்கிங்கும் கட்டிவிட்டு வந்தால் பர்ஸில் என்ன மிஞ்சும் என்று உங்களுக்கே தெரியும். 2025 செப்டம்பரில் கர்நாடக அரசு டிக்கெட்டுக்கு 200 ரூபாய் உச்சவரம்பு கொண்டுவந்தது. அந்த மாதம் முடிவதற்குள் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. இவ்வளவு கொடுத்து, அத்தனை விளம்பரத்தையும் பொறுத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் உட்கார்ந்து வந்த மனிதர் ஒரு சொல் சொன்னால் அது கொலையா? நான்கு வாரம் பொறுத்தால் வீட்டிலேயே பார்த்திருக்கலாம் என்ற வயிற்றெரிச்சலும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அதையும் கழித்துத்தான் படிக்க வேண்டும்.

ஆனால் நம் பெங்களூர்த் தமிழர்களின் வாய்க்கு ஒரு தனி பலம் உண்டு, அதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம். 2023 ஜனவரியில் சென்னையில் நள்ளிரவுக் காட்சிக் கொண்டாட்டத்தில் ஒரு ரசிகர் லாரியிலிருந்து விழுந்து இறந்தார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் எவ்வளவு பெரிய நடிகர் படமானாலும் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். இங்கே அப்படியில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 10-ல் ‘ஜெயிலர்’ வந்தபோது பெங்களூரில் ஆறு மணிக்கே திரை விலகியது. ஏறக்குறைய 2 மணி 48 நிமிடப் படம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சென்னையில் ரசிகர்கள் சீட்டைத் தேடிக்கொண்டிருக்கும்போது லால்பாக் ரோட்டு ஊர்வசியில் பார்த்தவர்கள் வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்ப் படத்தைப் பற்றித் தமிழ்நாட்டுக்குப் போகும் முதல் வார்த்தை பெங்களூரிலிருந்து போகிறது! ஓசூர் தாண்டி, கிருஷ்ணகிரி தாண்டி, மதுரையில் தூங்கி எழும் மச்சானுக்கு அதுதான் முதல் சேதி. இந்த வாயை மூடச் சொல்கிறீர்களே, கொஞ்சம் கவனமாகப் பேசச் சொல்லியிருந்தால் நானும் கூடச் சேர்ந்திருப்பேன்.

இன்னொன்று. இதே வாய்தான் படத்தைத் தூக்கியும் விடுகிறது. ‘காந்தாரா’ 2022 செப்டம்பர் 30-ல் கன்னடத்தில் மட்டுமே வந்தது. தமிழில் வந்தது இரண்டு வாரம் கழித்து, அதுவும் இங்கே பார்த்தவர்கள் பேசிப் பேசி ஆர்வம் கிளப்பிய பிறகு. அந்த இரண்டு வாரத்தில் ஊரில் இருக்கும் தம்பிக்கும் அத்தைக்கும் போன் போட்டு ‘கடைசி அரை மணி நேரத்துக்காகவே போ’ என்று சொன்ன பெங்களூர்த் தமிழர்கள் எத்தனை பேர்! அவர்களில் யாருக்கு ‘சினிமா தெரியும்’? மூன்று நாள் வாய்ப்பூட்டு அன்று இருந்திருந்தால் முதல் வாரக் கூட்டம் எப்படிச் சேர்ந்திருக்கும் என்று யோசியுங்கள்.

நான் ஒத்துக்கொள்ளாதது ஒன்றே ஒன்று: பார்க்காமலே சொல்வது. 2025 ஜூன் 5-ல் ‘தக் லைஃப்’ மற்ற ஊர்களில் வெளியானது, கர்நாடகத்தில் வெளியாகவில்லை. கன்னட மொழியைப் பற்றிக் கமல்ஹாசன் பேசியதற்கு எழுந்த எதிர்ப்புதான் காரணம். பார்த்தே தீர வேண்டும் என்றவர்கள் ஓசூருக்கு வண்டி ஏறினார்கள். மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. அந்த வாரம் நமக்கு வந்த கடிதங்களில் படத்தைப் பார்த்து எழுதியதைவிடப் பார்க்காமல் எழுதியதே அதிகம். ஆதரித்தவர்கள், திட்டியவர்கள் இரண்டு தரப்பும் இதில் ஒன்றுதான். பார்க்காமல் எழுதியதில் ஒன்றையும் அச்சில் ஏற்றவில்லை.

சரி, ‘பார்த்தேன், சொல்கிறேன்’ பகுதிக்கு வருவோம். அங்கே என்ன போடுகிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? அல்சூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: “இடைவேளைக்குப் பிறகு மாமனார் தூங்கிவிட்டார். அவ்வளவு துப்பாக்கிச் சத்தத்திலும் எழவில்லை. என் மனைவி எழுப்ப வேண்டாம் என்றாள்.” இவ்வளவுதான் கடிதம். அந்தப் படத்தின் சண்டைக் காட்சிகள் எப்படி என்று இதைவிடத் தெளிவாக எழுதிய விமர்சகர் யாரையும் நான் படிக்கவில்லை.

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் ஒரு பெண், அறைத்தோழியோடு போயிருக்கிறார். தோழி கன்னடக்காரர், தமிழ் தெரியாது, ஆங்கில சப்டைட்டிலைப் படித்துப் பார்க்கிறவர். நகைச்சுவைக் காட்சிகளில் தோழி முதலில் சிரிக்கிறார், இவர் அப்புறம் சிரிக்கிறார். காரணம், எழுத்து வசனத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்துவிடுகிறது. ஆனால் ஒரு பாட்டிக் கதாபாத்திரம் வரும் இடங்களில் மட்டும் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்களாம். அப்படியென்றால் அங்கே சிரிப்பு வசனத்தில் இல்லை, அந்த அம்மாளின் முகத்தில் இருக்கிறது. நடிப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம் என்று நினைத்தவன் இதைப் படித்துவிட்டுப் பேனாவை மூடிவைத்தேன்.

விவேக் நகர் வாசகி ஒருவர் தன் பத்து வயதுப் பையனை அழைத்துப் போனவர். 2024 நவம்பரிலிருந்து தணிக்கையில் யு/ஏ சான்றிதழை 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்துவிட்டார்கள். அவர் போனது 13 போட்ட படம். அது பெற்றோருக்கான எச்சரிக்கைதான், தடை இல்லை. அவர் எழுதியது: “இரண்டு இடத்தில் பையன் கண்ணைப் பொத்தினேன். ஒரு இடத்தில் அவன் என் கண்ணைப் பொத்தினான்.” பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இதைவிட என்ன தகவல் வேண்டும்?

இவர்கள் யாரும் சினிமா படித்தவர்கள் இல்லை. தன் சீட்டில் உட்கார்ந்து, தன் பக்கத்தில் நடந்ததைச் சொன்னார்கள். நான் குப்பையில் போடுவது வேறு ரகம். ‘செகண்ட் ஹாஃப் லேக்’, ‘பிஜிஎம் தெறி’, ‘திரைக்கதையில் இன்னும் கவனம் செலுத்தியிருக்கலாம்’. ஜே.பி. நகரிலிருந்து வந்தாலும் ஜாலஹள்ளியிலிருந்து வந்தாலும் ஒரே வரிகள். படம் பார்க்கும் முன்பே யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டுப் போய், அதையே திரையில் தேடிக் கண்டுபிடித்துவிட்டு வருகிறார்கள். பாதிப் பேர் இடைவேளையில் கழிவறை வரிசையில் நின்றபடியே குழுவில் போட்டுவிடுகிறார்கள்; அப்புறம் மீதிப் படம் வேறு மாதிரிப் போனாலும் சொன்னதை மாற்றக் கௌரவம் இடம் கொடுப்பதில்லை.

இனி உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கம். வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: படங்களைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று முதல் பக்கத்தில் எழுதிய இந்த நண்பர், இரண்டாம் பக்கத்தில் அண்மையில் வந்த நான்கு படங்களைப் பற்றித் தன் கருத்தையும் இணைத்திருக்கிறார். ‘பிரசுரித்தால் மகிழ்வேன்’ என்ற குறிப்போடு! ஒன்றைப் பற்றி ‘பார்க்கவில்லை, ஆனால் நம்பகமான இடத்தில் கேள்விப்பட்டேன்’ என்கிறார். இரண்டுக்கு முதல் நாள் வசூல் போட்டிருக்கிறார். தயாரிப்பாளரின் லாபம் நமக்கு எதற்கு ஐயா, பங்கு வைத்திருக்கிறீர்களா?

நான்காவது படத்துக்கு மட்டும், படம் முடிந்து பார்க்கிங்கிலிருந்து வண்டி எடுக்கும் வரை உங்கள் மகள் ஒரு வார்த்தையும் பேசவில்லை, ஏன் என்று கேட்டதற்கு ‘அந்த அண்ணன் ஏன் திரும்பி வரவே இல்லை?’ என்று கேட்டாள் என்று மூன்று வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று வரியும் அடுத்த இதழில் ‘பார்த்தேன், சொல்கிறேன்’ பகுதியில் வருகிறது. பெயர் போடலாமா, கூடாதா என்று மட்டும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.