பின்பக்க ஸ்வே பார் போடலாமா? பட்டறையிலிருந்து பதில்கள்

கேள்வி: என்னிடம் 2014 ஸ்விஃப்ட் டீசல் இருக்கிறது. மாதம் இரண்டு முறை வால்பாறை போய் வருகிறேன். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி வெளிப்பக்கமாகவே தள்ளுகிறது. பின்னால் ஸ்வே பார் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். 18, 20, 22 மி.மீ. என்று மூன்று தடிமன் சொல்கிறார்கள். போடுவதுதான் போடுகிறோம், 22-ஐயே போட்டுவிடலாமா? (பொள்ளாச்சி வாசகர்)

22 வேண்டாம் தம்பி. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

நம் பட்டறைகளில் ஸ்டெபிலைசர் பார் என்போம், நண்பர் ஸ்வே பார் என்கிறார். இரண்டும் ஒன்றுதான்: இடது, வலது சக்கரங்களைக் குறுக்கே இணைக்கும் இரும்புக் கம்பி. வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் மேலே ஏறும், உள்பக்கச் சக்கரம் கீழே இறங்கும். இரண்டையும் இந்தக் கம்பி சேர்த்துப் பிடித்திருப்பதால் அது முறுகுகிறது. முறுகிய கம்பி மறுபடி நேராக முயலும்போது வண்டியின் சாய்வு குறைகிறது. ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் கம்பிக்கு வேலையே இல்லை. ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழுந்தால் அந்த அடி மறுபக்கத்துக்கும் கொஞ்சம் போகும்.

உங்கள் வண்டியில் எஞ்சின் முன்னால், அதுவும் கனமான டீசல் எஞ்சின். இழுப்பதும் முன்சக்கரம், திரும்புவதும் முன்சக்கரம். வேகமாக வளைவுக்குள் போனால் முன் டயர்தான் முதலில் பிடி விடும். பின்னால் கம்பியைப் போட்டு இறுக்கமாக்கினால், சாய்வைத் தாங்கும் பாரத்தில் பெரும்பங்கு பின்பக்க வெளிச் சக்கரத்துக்குப் போகிறது. முன் டயர்கள் இரண்டும் பாரத்தை ஓரளவு சமமாகப் பகிர்ந்துகொண்டு நன்றாகப் பிடிக்கின்றன. நண்பர் சொன்னது இந்த அளவில் சரி. ஆனால் முன்னால் கிடைத்த அந்தப் பிடி, பின் டயர்களிடமிருந்து எடுத்துக் கொடுத்த பிடி. இதை மறந்துவிட்டுக் கம்பி வாங்கக் கூடாது.

தடிமன் விஷயத்துக்கு வருகிறேன். 18-க்கும் 22-க்கும் 4 மி.மீ.தானே என்று தோன்றும். முறுக்கைத் தாங்கும் பலம் விட்டத்தின் நான்காம் மடியில் ஏறுகிறது. கணக்குப் போட்டால் 20 மி.மீ. கம்பி 18-ஐப் போல ஒன்றரை மடங்கு விறைப்பு. 22 மி.மீ. இரண்டேகால் மடங்கு.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காக, அவருடைய சின்ன ஹேட்ச்பேக்கில் கிடைத்ததிலேயே தடித்த கம்பியை நானே மாட்டிக் கொடுத்தேன். காய்ந்த ரோட்டில் வண்டி கத்தி மாதிரி திரும்பியது, அவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். முதல் மழையில் ஆழியாறுக்கு மேலே ஒரு வளைவில் எதிரே பஸ்ஸைப் பார்த்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்திருக்கிறார். காலை எடுத்ததும் பாரம் முன்னால் போகும், பின்பக்கம் லேசாகும். பின்பாகம் சுழன்று வந்து தடுப்புக் கல்லில் இடித்து நின்றது. யாருக்கும் அடி இல்லை. வண்டி என் பட்டறைக்குத்தான் வந்தது. குனிந்து பின் டயரைப் பார்த்தேன், பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. மாட்டும் அன்றைக்கே அதை நான் பார்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து பின் டயரின் வரிப்பள்ளம் 4 மி.மீ. ஆழமாவது இல்லாத வண்டிக்கு நான் பின்பக்கக் கம்பி மாட்டுவதில்லை.

அதனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது வேறு. முன் டயரில் காற்று குறைவாக இருந்தாலே வண்டி இப்படித் தள்ளும். காலையில் டயர் சூடாகும் முன்னால் நான்கிலும் அழுத்தம் பாருங்கள். லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கையின் மூட்டு ரப்பர்), முன்பக்க லிங்க் ராட் (ஸ்டெபிலைசர் பாரின் முனையைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் குட்டைத் தண்டு), வீல் அலைன்மென்ட் எல்லாம் சரியா என்று பாருங்கள். 2014 வண்டிக்கு இந்த ரப்பர்கள் வயதானவை. புஷ் மாற்றி, நல்ல டயர் நான்கு போட்டபிறகு கம்பியே வேண்டாம் என்று திரும்பிப் போனவர்கள் என் வாடிக்கையாளர்களிலேயே உண்டு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அங்கே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து உள்ளே போவது எந்தக் கம்பியையும் விட வேலை செய்யும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் தள்ளுகிறது என்றால் 18 போடுங்கள். மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஸ்விஃப்ட்டில் பின்னால் இருப்பது டார்ஷன் பீம். இரண்டு பக்கக் கைகளையும் இணைக்கும் அந்தக் குறுக்குச் சட்டமே முறுகிக் கொடுத்து, கம்பி செய்யும் வேலையில் கொஞ்சத்தைச் செய்கிறது. புதுக் கம்பி அதன் இரண்டு கைகளுக்கும் குறுக்கே, ஸ்பிரிங் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் போல்ட்டில் உட்காரும். சட்டத்தில் துளை போடுகிறேன், வெல்டிங் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நாள் முழுக்க முறுகும் இரும்பு அது. துளை போட்ட இடத்திலும் சூடு பட்ட இடத்திலும்தான் விரிசல் தொடங்கும்.

வண்டியைத் தூக்கினால் பின்பக்கம் இரண்டையும் சமமாகத் தூக்கி ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டால் ஒரு கை தொங்கும், ஒரு கை நிற்கும், கம்பியின் ஓட்டையும் சட்டத்தின் ஓட்டையும் நேராக வராது. சுத்தியலால் தட்டி நுழைத்து இறுக்கினால், கம்பி முறுகியபடியே உட்கார்ந்து, நேர் ரோட்டிலும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். பிராக்கெட் உட்காரும் இடத்தில் மண்ணும் தாரும் துளிகூட இல்லாமல் கம்பி பிரஷால் சுரண்டச் சொல்லுங்கள். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் திருகி ஏற்ற வேண்டும். கையால் ஏறாத போல்ட் கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் வண்டியை இறக்கி, நான்கு சக்கரமும் தரையில் நிற்கும்போது, கிட்டோடு வந்த தாளில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். நான் இறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து பிராக்கெட் வரை வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்து வைப்பேன். 100 கிலோமீட்டர் ஓடி வந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தால், கோடு உடைந்திருக்கும் இடத்தில் நட்டு நகர்ந்திருக்கிறது. பிரேக் பைப்பும் ஹேண்ட் பிரேக் கேபிளும் கம்பியில் உரசாமல் விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதல் ஓட்டம் மலைக்கு வேண்டாம். ஆளில்லாத மைதானத்தில் காய்ந்த தரையில் ஓட்டிப் பாருங்கள், மழை பெய்த மறுநாள் அதே இடத்தில் மெதுவான வேகத்தில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். வளைவின் நடுவில் காலை எடுத்தால் வண்டி என்ன செய்கிறது என்பது உங்கள் கைக்குப் பழக வேண்டும்.

கேள்வி: பழைய ஹோண்டா சிவிக்கில் பின்பக்க பாரை எடுத்துவிட்டுத் தடித்த பார் போட்டேன். இப்போது மேடு பள்ளத்தில் 'டக் டக்' என்கிறது, மெதுவாகப் போகும்போது 'கீச்' என்றும் கத்துகிறது. (சேலம் வாசகர்)

இரண்டும் வேறு வேறு சத்தம். 'டக்' என்பது பெரும்பாலும் லிங்க் ராட். அதன் நட்டை இறுக்கும்போது உள்ளே இருக்கும் பால் ஜாயின்ட் தண்டும் சேர்ந்து சுற்றும். இறுகிவிட்டது என்று நினைப்போம், இறுகியிருக்காது. தண்டின் முனையில் இருக்கும் குழியில் ஆலன் கீயை நுழைத்துப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் ரிங் ஸ்பேனரால் திருப்பச் சொல்லுங்கள். பழைய லிங்க் என்றால் கையால் ஆட்டிப் பாருங்கள், தொளதொளவென்று ஆடினால் இரண்டு பக்கமும் புதிது போடுங்கள். தடித்த பார் லிங்க்குக்குக் கூடுதல் சுமை கொடுக்கும், பழசு தாங்காது.

'கீச்' என்பது பாலியூரித்தேன் புஷ். காய்ந்தால் கத்தும். பிராக்கெட்டைக் கழற்றி, புஷ்ஷின் உள்பக்கம் கம்பி தொடும் இடம் முழுக்க சிலிகான் கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். வீல் பேரிங்குக்குப் போடும் கிரீஸ் வேண்டாம், பக்கத்தில் இருக்கும் ரப்பரில் பட்டால் அதை ஊற வைத்துக் கெடுத்துவிடும்.

கேள்வி: இப்படி மாற்றினால் ஆர்.டி.ஓ. பிரச்சினை, வாரன்டி பிரச்சினை வருமா? (மதுரை வாசகர்)

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எஞ்சின், இருக்கை எண்ணிக்கை போன்றவை ஆர்.சி.யில் வரும், ஸ்டெபிலைசர் பார் வராது. ஆனாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தெரிவித்து, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாரன்டி ஓடும் வண்டி என்றால் அது முடியும் வரை பொறுங்கள். சஸ்பென்ஷனில் எது கெட்டாலும் அந்தக் கம்பியைத்தான் கை காட்டுவார்கள். ஈ.எஸ்.பி. (வண்டி வழுக்கினால் தானாகப் பிரேக் போட்டு நேராக்கும் எலக்ட்ரானிக் அமைப்பு) இருக்கும் வண்டிக்கு இன்னொரு காரணமும் உண்டு: கம்பெனி போட்ட சஸ்பென்ஷனை வைத்துத்தான் அதைச் சரிசெய்திருக்கிறார்கள். அதில் நான் கை வைப்பதில்லை.

கேள்வி: பொலிரோவில் மேலே கேரியர் போட்டு ஆட்டுத் தீவனம் ஏற்றுகிறேன். வளைவில் ரொம்பச் சாய்கிறது. பின்னால் பார் போடலாமா? (தாராபுரம் வாசகர்)

வேண்டாங்க. உங்கள் வண்டியைத் தள்ளுவது பின்சக்கரம். பின்னால் கம்பி இறுகினால் வளைவில் உள்பக்கச் சக்கரம் லேசாகிச் சும்மா சுழலும், பின்பாகமும் சீக்கிரம் வழுக்கும். தீவன மூட்டையைக் கேரியரிலிருந்து இறக்கி, பின் சீட்டை மடக்கித் தரையில் அடுக்குங்கள். அப்படியும் சாய்ந்தால் லீஃப் ஸ்பிரிங் பட்டையில் உடைசல் இருக்கிறதா, ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா என்று பட்டறையில் காட்டுங்கள்.