கீறல் போன இடத்தின் மங்கல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் காரின் கதவில் சாவி உரசி ஏற்பட்ட கீறலை தண்ணீர் விட்டுத் தேய்க்கும் 1500 எண் உப்புத்தாளால் (வாட்டர் பேப்பர்) தேய்த்து எடுத்தேன். கீறல் போய்விட்டது. ஆனால் உள்ளங்கை அகலத்துக்கு அந்த இடம் வெளிறி, ஆவி படிந்த கண்ணாடியைப் போல நிற்கிறது. மூன்று முறை வேக்ஸ் போட்டுவிட்டேன். காரைக் கழுவியதும் மங்கல் திரும்பிவிடுகிறது. எந்த வேக்ஸ் வாங்கலாம்? கையால் தேய்த்தால் போதுமா, இயந்திரம் வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எந்த வேக்ஸ் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. கையா இயந்திரமா என்பதும் பெரிய விஷயமல்ல. அந்த அளவு இடத்தைப் பொறுமையுள்ளவர் கையாலேயே மீட்டுவிடலாம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியவை "மூன்று முறை வேக்ஸ் போட்டுவிட்டேன்" என்ற சொற்கள்தான். பளபளப்பு என்பது மேலே பூசுகிற ஏதோ ஒரு பொருள் என்று ஏன் இத்தனை பேர் நம்புகிறார்கள் என்று சில காலமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன்.

பளபளப்பு பூச்சின் சமதளத்தில் இருக்கிறது. வழவழப்பான பரப்பில் விழும் ஒளி ஒரே திசையில் திரும்புவதால் அதில் நம் முகம் தெரிகிறது. நீங்கள் ஓர் ஆழமான கீறலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆயிரக்கணக்கான நுண்கீறல்களை இட்டிருக்கிறீர்கள். அவை ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதையே உங்கள் கண் வெண்மங்கலாகக் காண்கிறது. வேக்ஸ் அந்தக் கோடுகளைச் சில நாட்கள் நிரப்பி மறைக்கும், அவ்வளவுதான்.

1500 தாளிலிருந்து நேராக வேக்ஸுக்குத் தாவியது பெரிய தவறு. வேலை முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அதைவிட நுண்மையான 2000, அதன்பின் 3000 எண் தாள்களால், சோப்புத்தண்ணீர் விட்டு, ஒவ்வொரு முறையும் முந்தைய கோடுகளுக்குக் குறுக்காகத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் பழைய கோடுகள் முழுவதும் மறைந்தனவா என்று தெரியும். பிறகு நுண்கோடுகளைத் தேய்த்தெடுக்கும் பசையான ரப்பிங் காம்பவுண்ட், அதற்கும் பிறகு மென்மையான பாலிஷ், இரண்டுக்கும் தனித்தனித் துணி. வெயிலில் சூடேறிய தகட்டில் இதைச் செய்யக்கூடாது.

இவை ஒவ்வொன்றும் பூச்சைக் குறைக்கிற வேலை என்பதை மட்டும் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான் தடிமன்தான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பது அந்த மெல்லிய படலம்தான். அதில் நீங்கள் ஏற்கெனவே ஒரு பங்கைத் தேய்த்து எடுத்துவிட்டீர்கள். மிச்சம் எவ்வளவு என்று பார்க்காமல் மறுபடியும் தாளைக் கையில் எடுப்பீர்களோ என்பதே என் அச்சம்.

என் பெரியப்பா வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். பத்தொன்பது வயதில் அவரிடம் வேலை பழகியபோது, ஒரு பேனட்டின் மங்கலைப் போக்குகிறேன் என்று அதன் விளிம்பையும் சேர்த்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். விளிம்பில் பூச்சு இயல்பாகவே மெலிந்திருக்கும். அழுத்தம் முழுவதும் அங்கேதான் இறங்கும். எவ்வளவு காம்பவுண்ட் போட்டும் அந்த இடம் ஒளிரவில்லை. மங்கலைச் சுற்றி வரைபடத்தில் தீவுக்குக் கரை போட்டாற்போல ஒரு கோடு தெரிந்தது. பெரியப்பா ஒரு விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, என் சுட்டுவிரலைப் பற்றி அந்தக் கரைமேல் வைத்து, "துணியில கலர் ஏறினப்பவே நிறுத்தியிருக்கணும்டா" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. வண்டிக்காரரிடம் கூடுதலாக ஒரு காசும் வாங்காமல், அன்றிரவே பேனட் முழுவதற்கும் மறுபடி கிளியர் அடித்தார். நான் பக்கத்தில் நின்று விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த விரலின் நுனியில் அந்தக் கரை இன்னும் இருக்கிறது.

கிளியர் கோட் இல்லாத பழைய ஒற்றைப் பூச்சு வண்டியில் துணியில் நிறம் ஏறுவது இயல்பு. உங்களுடையது கிளியர் கோட் உள்ள வண்டியென்றால், கிளியர் தேய்ந்து போய்விட்டது என்பதற்கு அது எச்சரிக்கை; நான் கண்ட கரையும் அதன் அடையாளம்தான். கிளியர் போன இடத்தை எந்தப் பாலிஷும் மீட்காது, பெயிண்டரிடம்தான் போக வேண்டும்.

நீங்கள் துணி நிறம் மாறியதாக எழுதவில்லை. மங்கல் கதவின் நடுப்பகுதியில் இருக்குமானால் மீண்டுவிடும் என்றே நம்புகிறேன். முதலில் வண்டியைக் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து அந்த இடத்திலிருக்கும் வேக்ஸைத் துடைத்தெடுங்கள். நிழலில் நிறுத்தி, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். தெரிவது கோடுகளா, கரையா என்று எனக்கு எழுதுங்கள். அதுவரை தாளைத் தொட வேண்டாம்.