குளிர்காலத்தில் மிருதங்கச் சுருதி ஏறுவது: பதில்

வணக்கம். உங்கள் பண்பாட்டு மையத்தின் 6 மிருதங்கங்களும் குளிர்காலத்தில் சுருதி ஏறி, கரணை (வலது முகத்தின் நடுவிலுள்ள கறுப்புப் பூச்சு) உதிர்வதாக எழுதியிருந்தீர்கள். காரணம் குளிர் அல்ல, ஹீட்டர். அது காற்றை உலர்த்துகிறது. ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் தோல் சுருங்கி இழுக்கும், கரணை பிடிமானம் இழக்கும். கரணையில் மெல்லிய வெடிப்புகள் இருப்பது இயல்புதான், நாதமே அதில்தான் இருக்கிறது. சில்லு சில்லாகப் பெயர்ந்தால்தான் கவலை.

மூடிய அலமாரியில் ஈரப்பதமானி ஒன்றும் ஈரப்பதம் காக்கும் பொட்டலங்களும் வைத்து, 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். கரணையில் நேரடியாக ஈரம் படவே கூடாது.

சுருதி இறக்க, வலந்தலையின் (வலது முகம்) விளிம்பைக் கீழிருந்து மேலாகத் தட்டுங்கள். ஒரே இடத்தில் தட்டாமல், விளிம்பில் வார் கோக்கும் 16 கண்களையும் எதிரெதிராகச் சுற்றி வாருங்கள்; இல்லாவிட்டால் வலந்தலை ஒருபக்கம் சாயும். வகுப்பு முடிந்ததும் தொப்பியில் (இடது முகம்) பூசிய ரவையை முழுக்க வழித்து, துடைத்து, உலரவிட்டே உறையில் போடுங்கள். மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

அருகில் மூட்டு (தோல் முகம்) கட்டும் கைவினைஞர் இல்லையென்றால், வகுப்புக்கு தோல் வாரால் இழுத்துக் கட்டிய மிருதங்கத்தைவிட நட்டு போல்ட் வகையே நல்லது. மாற்று வலந்தலைகள் இரண்டை வாங்கி வைத்தால், நீங்களே ஸ்பேனரால் மாற்றிவிடலாம்.