பியானோவுக்குள் குரல் அமுங்குகிறது என்றால் முதலில் கையைக் கவனியுங்கள்

தங்கச்சி, பாளையங்கோட்டை வீட்டிலேயே உங்கள் முதல் ஆல்பத்துக்கு எட்டுப் பாட்டு பதிந்ததாகவும், பியானோவுக்குள் குரல் அமுங்கிப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். புது மைக் வாங்க அவசரப்படாதீர்கள். கோளாறு பெரும்பாலும் வாசிப்பில்தான் இருக்கும்.

பியானோவின் நடுவில் இருக்கும் சி சுரம், அதாவது மிடில் சி, சுமார் 262 ஹெர்ட்ஸ். பெண் குரல் பெரும்பாலும் அதைச் சுற்றியும் மேலேயும்தான் உலவும். வலது கை கார்ட்ஸும் (சேர்த்து அழுத்தும் சுரங்கள்) அங்கேயே உட்கார்ந்தால் இரண்டும் மோதும். பாடும் வரிகளில் கார்டை ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே ஏற்றுங்கள், இல்லையென்றால் இரண்டு சுரமாகக் குறையுங்கள். வரி முடிந்து நீங்கள் மூச்சு வாங்கும் இடத்தில் பியானோ பேசட்டும். கார்ட் மாறும்போதெல்லாம் சுரத்தை நீட்டிப் பிடிக்கும் சஸ்டெய்ன் பெடலை விட்டு மிதியுங்கள். என் முதல் பதிவில் மிதித்த காலை எடுக்கவே இல்லை. ஒரு சொல்லும் புரியாமல் மொத்தத்தையும் மறுபடி வாசித்தேன்.

அப்புறம், கீபோர்டை லைன் அவுட்டில் (மைக் இல்லாமல் கேபிள் வழியாக நேரடியாக) முதலில் பதிந்துவிட்டு, குரலைத் தனியாகப் பாடுங்கள். ஆடிக் காற்றில் நம் ஊர் ஜன்னல்கள் சும்மா இருக்காது, அதனால் காற்று தணிந்த நேரமாகப் பார்த்து, ஃபேனை நிறுத்திக்கொள்ளுங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதற்கு முதுகு காட்டி நில்லுங்கள். சுவர் எதிரொலி மைக்குக்குள் போவது குறையும்.

ஒரு பாட்டை இப்படி மாற்றிப் பதிந்து இங்கே போடுங்கள், ஹெட்போனில் கேட்டுச் சொல்கிறேன்.