துணிப்பை தைப்பதற்கு முன் ஒரு கணக்கு

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். சமூகத் தொழில்முனைவைப் பிள்ளைகளுக்குச் செயல்வழியாகக் கற்றுக்கொடுக்க ஆசை. துணிப்பை தைத்து விற்கலாம், காகிதப் பேனா செய்யலாம் என்று அவர்கள் சொல்கிறார்கள். ஆண்டு விழாவில் ஸ்டால் போடத் தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டார். கையில் பெரிய பணம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: துணிப்பையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நல்ல பொருள்தான், சந்தேகமில்லை. ஆனால் கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. உங்கள் ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் கதவுக்குப் பின்னால் ஆணியில் நான்கு துணிப்பைகளாவது தொங்கும். கடைக்குக் கிளம்பும்போது அதை எடுக்க மறந்துவிடுகிறோம் என்பதுதான் அங்கே சிக்கல். ஐந்தாவது பையைப் பிள்ளைகள் தைத்துக் கொடுத்தால், பெற்றோர் பாசத்தில் வாங்கிவிடுவார்கள். ஸ்டால் காலியாகும், கைதட்டல் கிடைக்கும், பிளாஸ்டிக் அப்படியே இருக்கும். பதினான்கு வயதில் அந்தக் கைதட்டலை வெற்றி என்று நம்பிவிட்டால், பிறகு அதைத் திருத்துவது கடினம்.

பொருளிலிருந்து தொடங்காதீர்கள். இரண்டு கேள்விகளோடு தொடங்குங்கள்: இந்தத் தொல்லையை இன்றைக்கு யார் சுமக்கிறார்? அதற்காக அவர் எவ்வளவு செலவழிக்கிறார்? நம் பக்கத்திலேயே இதற்குச் சான்று உண்டு. கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் மலிவு விலை நாப்கின் இயந்திரத்தை உருவாக்கி, அதைப் பெண்கள் சுயஉதவிக் குழுக்களின் கையில் கொடுத்தார். நாப்கின் வாங்க வசதியில்லாத ஊரிலேயே அதைச் செய்து விற்பவரும் உருவானார். மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், கட்டணம் செலுத்துவோரின் பணம் செலுத்த முடியாதவரின் அறுவை சிகிச்சையைத் தாங்குகிறது. 1992இல் அரோலேப் என்ற தங்கள் தயாரிப்புக் கூடத்தைத் தொடங்கி, விழிக்குள் பொருத்தும் லென்ஸையும் மலிவாகத் தாங்களே செய்துகொண்டார்கள். யாரால் கொடுக்க முடியும், யாரால் முடியாது என்ற கணக்கைத் தீர்த்ததால்தான் இந்த முயற்சிகள் நிலைத்தன.

சரி, உங்கள் ஊரில் எதை எடுப்பது? ஒன்றைக் காட்டுகிறேன். சாலையோர இளநீர்க் கடை.

கடைக்குப் பின்னால் காலிக் காய்கள் குவிந்து கிடக்கும். மழை பெய்தால் அவற்றில் தண்ணீர் நிற்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பிள்ளைகளை ஐந்து பேர் கொண்ட குழுவாக அனுப்புங்கள். “உங்களுக்கு என்ன பிரச்சினை?” என்று கேட்க வேண்டாம், “ஒன்றுமில்லை தம்பி” என்று பதில் வரும். “அண்ணா, நேற்று சாயங்காலம் காலிக் காயை என்ன செய்தீர்கள்? யார் எடுத்துப் போனார்? எவ்வளவு கொடுத்தீர்கள்?” என்று கேட்கச் சொல்லுங்கள். நேற்று நடந்ததைக் கேட்டால் மனிதர்கள் உண்மையைச் சொல்வார்கள்.

அடுத்து, வகுப்புக்கு வந்து கரும்பலகையில் கணக்கு. இந்த எண்கள் நான் வைத்துக்கொண்டவை; உங்கள் பிள்ளைகள் எண்ணியும் எடை போட்டும் மாற்றிக்கொள்ளட்டும். கடையில் நாளுக்கு 60 காய், காலிக் காய் ஒன்றரை கிலோ என்றால் மாதத்துக்கு 2,700 கிலோ. அதை அப்புறப்படுத்தக் கடைக்காரர் நாளுக்கு 50 ரூபாய், மாதம் 1,500 கொடுக்கிறார். மறுபக்கம், உங்கள் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி கேரளத்தின் மற்ற இடங்களைவிட மழை குறைந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மண்ணை உலர்த்திவிடுகிறது. தென்னந்தோப்பில் காய் மட்டையைப் புதைப்பதும், மரத்தைச் சுற்றிய வட்டப்பாத்தியில் மண்ணை மூடும் மூடாக்காகப் போடுவதும் ஈரத்தைக் காக்கும், சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) தரும். ஆக, கடைக்காரர் காசு கொடுத்துத் தள்ளிவிடுவது தோப்புக்காரருக்குத் தேவைப்படுகிறது.

பிள்ளைகள் உடனே குதிப்பார்கள்: “நாமே ஏற்றிக்கொண்டு போய் விற்கலாம்!” போடட்டும் கணக்கை. குட்டியானை வண்டிக்கு நான்கு லோடு, லோடுக்கு 600 என்றால் 2,400. காயைப் பிளக்க இரண்டு ஆள் கூலி 1,600. செலவு 4,000. கடைக்காரர் தரும் 1,500, தோப்புக்காரர் லோடுக்கு 300 வீதம் தரும் 1,200, வரவு 2,700. மாதம் 1,300 நட்டம். இந்த இடத்தில் வகுப்பில் ஒரு மௌனம் வரும். அதை விரட்டாதீர்கள், “பரவாயில்லை, ஸ்பான்சர் பிடிக்கலாம்” என்று சொல்லி மூடிவிடாதீர்கள். நட்டத்தைப் பார்த்துக்கொண்டு யோசிக்கும் அரை மணி நேரம்தான் இந்தப் பாடத்தின் உயிர்.

மறுபடியும் கடைக்கு அனுப்புங்கள், சும்மா நின்று பார்க்கச் சொல்லுங்கள். வழுக்கை கேட்பவருக்குக் கடைக்காரர் காயைப் பிளந்து கொடுக்கிறார். தண்ணீர் மட்டும் குடித்துப் போகிறவரின் காய் முழுதாகக் குவியலுக்குப் போகிறது. கொசு வளர அந்த முழுக் காய் வசதியான இடம். அரிவாள் ஏற்கனவே அவர் கையில் இருக்கிறது. எல்லாக் காயையும் ஒரு வெட்டு வெட்டிப் போட்டால் கூலிச் செலவு போய்விடும். தோப்புக்காரரின் டிராக்டர் வாரம் ஒருமுறை எப்படியும் அந்த வழியாகப் போகிறதா என்று விசாரித்தால் வண்டி வாடகையும் போய்விடலாம். அப்போது கடைக்காரருக்கு மாதம் 1,500 மிச்சம். அதில் கொஞ்சம் தர அவர் தயாரா? டிராக்டர் ஒரு வாரம் வராவிட்டால் என்ன ஏற்பாடு? இவற்றைப் பேசி முடிப்பதுதான் பிள்ளைகளின் தொழில். தைப்பதோ சுமப்பதோ இல்லை. அரிவாளையும் ஏற்று இறக்கு வேலையையும் அவர்கள் தொடவே கூடாது; இதில் கண்டிப்பாக இருங்கள்.

அகமதாபாத் ரிவர்சைடு பள்ளியின் கிரண் பீர் சேத்தி 2009இல் தொடங்கிய ‘டிசைன் ஃபார் சேஞ்ச்’ முறையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம்: உணர், கற்பனை செய், செய்துபார், பகிர். நல்ல வரிசை. நான் அதில் கணக்கையும் சேர்க்கச் சொல்வேன். கடைப் பின்புறத்தில் முழுக் காய் எத்தனை என்று திட்டத்துக்கு முன்னும் பின்னும் வெள்ளிக்கிழமைதோறும் எண்ணி நோட்டில் எழுதட்டும்.

உள்ளூரில் இன்னொரு வாழும் பாடம் ஹரித கர்ம சேனை. வீடு வீடாக வந்து பிளாஸ்டிக் சேகரிக்கும், குடும்பஸ்ரீ என்ற கேரள அரசின் பெண்கள் சுயஉதவி அமைப்பைச் சேர்ந்த அக்காமார், பெரும்பாலான பஞ்சாயத்துகளில் வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் பயனர் கட்டணம் வாங்குகிறார்கள். ஒரு நாள் காலை பிள்ளைகள் அவர்களோடு நடக்கட்டும். காசு கொடுக்கத் தயங்கும் வாசலில் அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டால், விலை சொல்வது எவ்வளவு கடினம் என்பது புரியும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லாத் தொல்லைக்கும் தொழில் மருந்தல்ல. உங்கள் பள்ளியிலிருந்து பெருமாட்டிப் பஞ்சாயத்து தொலைவில் இல்லை. அங்கே பிளாச்சிமடையில் 2000இல் கோக்கா-கோலா ஆலை வந்தது. கிணற்று நீர் வற்றி, குடிக்க முடியாமல் போனது என்று 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் மக்கள் உட்கார்ந்தார்கள். ஆதிவாசிப் பெண் மயிலம்மா முன்னின்றார். 2003இல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. அந்த மக்கள் சுத்திகரித்த தண்ணீரைக் கேனில் விற்கும் தொழில் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வகுப்பில் கேளுங்கள். உரிமை பறிபோகும் இடத்தில் மனுவும் கிராம சபையும்தான் கருவி. அதைக் கற்றுக்கொடுக்காமல் வியாபாரத்தை மட்டும் கற்றுக்கொடுத்தால் பாதிப் பாடம்தான்.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் அரசு அலுவலகங்களோடு தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்தக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 இடம் தருகிறது. தோப்பில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமும் பேசத் தெரிந்த உங்கள் பிள்ளைகளுக்கு இந்த வேலையில் உள்ள வசதி, நகரத்துப் பிள்ளைகளுக்குக் கிடையாது.

பண விஷயம் சுருக்கமாக. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. எனவே கடைக்காரரோடும் தோப்புக்காரரோடும் எழுதும் தாளில் நீங்களோ பெற்றோர் ஆசிரியர் கழகமோ கையெழுத்திடுங்கள். வரவு செலவைப் பிள்ளைகளே எழுதட்டும், மாதம் ஒருமுறை உரக்கப் படிக்கட்டும். மிச்சம் வந்தால் என்ன செய்வது என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும்.

ஆண்டு விழா ஸ்டாலை விட்டுவிட வேண்டாம். அந்த 1,300 ரூபாய் நட்டக் கணக்கை அட்டையில் பெரிதாக எழுதி மாட்டுங்கள். பக்கத்தில் வெள்ளிக்கிழமை எண்ணிக்கை. கடைக்காரரையும் தோப்புக்காரரையும் விருந்தினராக அழையுங்கள். மார்ச்சில் தேர்வு வந்துவிடும், இளநீர் விற்பனையும் அப்போதுதான் ஏறும். அதனால் எண்ணும் வேலையை ஜனவரியிலேயே தொடங்கி, பிப்ரவரியில் ஒரே ஒரு கடையில் நடத்திப் பாருங்கள். ஜூனில் பள்ளி திறந்து மழை பிடிக்கும்போது, பத்தாம் வகுப்புக்குப் போனவர்கள் நோட்டைப் புதிய ஒன்பதாம் வகுப்பிடம் ஒப்படைக்கலாம்.