ஒரே ரீட், ஒரே வீடு, மூன்று கணக்கு

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, வயது 64, கும்பகோணம். மனை விற்றதில் 20 லட்சம் ரூபாய் இருக்கிறது. ஓய்வூதியத்தையும் சேர்த்து எனக்கு வரி வராது. மகள் சென்னையில் மென்பொருள் வேலையில், 30% வரி வரம்பில் இருக்கிறாள். மகன் துபாயில். மூவருமே ரீட்டில் (பலரிடம் பணம் திரட்டி வாடகைக் கட்டிடங்களில் போட்டு, வருமானத்தைப் பகிர்ந்து தரும் அமைப்பு; அதன் பங்குக்கு யூனிட் என்று பெயர்) பணம் போடலாம் என்று ஒரு முகவர் பட்டியல் தந்தார். அலுவலகக் கட்டிடங்கள் வைத்திருக்கும் எம்பசி ரீட், மால்கள் வைத்திருக்கும் நெக்சஸ் ரீட், ஒரு ரியல்டி இண்டெக்ஸ் ஃபண்ட் ஆகிய மூன்றும் தொடங்கிய நாளிலிருந்து தந்த லாபம் அதில் இருக்கிறது. அதிகம் தந்ததை வாங்கிவிடலாமா?

பதில்: அந்தப் பட்டியலை மடித்து வையுங்கள். எம்பசி 2019 ஏப்ரலில் 300 ரூபாய் வெளியீட்டு விலையில் பட்டியலானது. கொரோனாவில் அலுவலகங்கள் பூட்டிக் கிடந்த காலத்தையும் தாண்டி வந்தது. நெக்சஸ் வந்ததோ 2023 மே மாதம், மால்களில் கூட்டம் திரும்பிய பிறகு, 100 ரூபாய்க்கு. இரண்டையும் 'தொடங்கிய நாளிலிருந்து' என்று அருகருகே நிறுத்துவது ஒப்பீடே அல்ல. ஒரே தேதியில் தொடங்கி, விலை மாற்றத்தோடு கைக்கு வந்த பணத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ரீட்டே அல்ல. கட்டிட நிறுவனங்களின் பங்குகள் அது; ரீட்டைப் போல வாடகை உங்கள் கைக்கு வராது. அத்தகைய பங்குகளின் போக்கைக் காட்டும் நிஃப்டி ரியல்டி குறியீடு 2008 ஜனவரியில் தொட்ட உச்சத்தை 2024 முடியும் வரை மீண்டும் தொடவில்லை. உங்கள் வயதுக்கு வேண்டாம்.

இனி, முகவர் சொல்லாத விஷயம். வாடகைக் கட்டிடங்களை வைத்திருக்கும் ரீட், பகிரத்தக்க ரொக்கத்தில் 90 சதவீதமாவது யூனிட்தாரர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். ஆனால் கட்டிடம் பெரும்பாலும் ரீட்டின் கீழுள்ள தனி நிறுவனத்திடம் இருக்கும்; அதனால் பணம் அந்த நிறுவனத்துக்கு ரீட் கொடுத்த கடனின் வட்டி, டிவிடெண்ட் (லாபப் பங்கு), அந்தக் கடன் திரும்பி வரும் தொகை எனப் பல பெயர்களில் வரும். ஒவ்வொன்றுக்கும் வரி வேறு.

ஒரு கற்பனைக் கணக்கு: 300 ரூபாய் யூனிட்டுக்கு ஆண்டுக்கு 21 ரூபாய், அதாவது 7%. அதில் வட்டி 9, டிவிடெண்ட் 6, கடன் திருப்பம் 6. கட்டிடத்தை வைத்திருக்கும் நிறுவனம் சலுகை வரி விகிதத்துக்கு மாறாதிருந்தால் டிவிடெண்டுக்கு வரி இல்லை. உங்கள் மகளுக்கு வட்டியில் மட்டும், செஸ் (வரியின் மேல் 4% கூடுதல் வரி) சேர்த்து, 2.81 ரூபாய் போய்விடும். மிஞ்சுவது ஏறத்தாழ 6%. துபாய் மகனுக்கு வட்டியில் 5 சதவீதமும் செஸ்ஸும்தான் வரி, அவருக்கு 6.8% நிற்கும். உங்களுக்கு முழு 7%. ஆனால் வட்டியில் 10% டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்துவிடுவார்கள்; வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் திரும்ப வரும்.

கடன் திருப்பமாக வந்த 6 ரூபாயை லாபம் என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் கொள்முதல் விலை 300-லிருந்து 294 ஆகக் குறைகிறது. விற்கும்போது அந்த ஆறு ரூபாயும் மூலதன ஆதாயத்தில் வந்து நிற்கும். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு 12.5% வரி.

ஆகவே மகள் ரீட் வாங்குவதானால், வட்டிப் பங்கு குறைவாக உள்ளதைத் தேர்ந்தெடுக்கட்டும். காலாண்டு அறிவிப்பிலேயே பிரித்துப் போட்டிருப்பார்கள். வேலையில் இருப்பவர் என்பதால் விலை இறங்கினாலும் காத்திருக்க முடியும். அலுவலக ஒப்பந்தங்களில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 15% வாடகை ஏற்றம் வழக்கம். காத்திருப்பவருக்குத்தான் அது பயன்படும்.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது அஞ்சலகம்தான். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 2023 ஏப்ரலில் 8.2% ஆனது, அரசு உத்தரவாதமும் உண்டு. அதைவிடக் குறைவாகத் தருகிற, விலையும் ஏறி இறங்குகிற ஒன்றில் 20 லட்சத்தையும் போட எந்தக் காரணமும் இல்லை. ஆசைக்கு இரண்டு லட்சம் போட்டுப் பாருங்கள். இப்போது ஒரே ஒரு யூனிட் கூட வாங்கலாம்.

கேள்வி: பத்து லட்சம் போட்டால் ஒரே கட்டிடத்தில் பங்கு தரும் 'சிறு ரீட்' நல்லதா?

பதில்: 2024 மார்ச்சில், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி விதி வகுத்த வகை இது. 50 கோடி முதல் 500 கோடிக்குள் மதிப்புள்ள சொத்துகள். பெரிய ரீட்டில் ஒரு நிறுவனம் காலி செய்தால் தெரியவே தெரியாது. இதில் உங்கள் வருமானமே நின்றுபோகலாம். வாங்குபவர் குறைவு என்பதால் அவசரத்துக்கு விற்பதும் கடினம். வாடகைதாரர் காலி செய்ய முடியாத காலம் இன்னும் எத்தனை மாதம் என்று வெளியீட்டு ஆவணத்தில் பாருங்கள். இரண்டு ஆண்டுக்குக் குறைவென்றால் நான் வாங்கமாட்டேன்.